மேலகரத்து மாதிரி பேஸ்மட்டம்

வீடு கட்ட நினைக்கிறவர்கள் முதலில் கொத்தனாரைப் போய்ப் பார்ப்பார்கள். டிராயிங் வாத்தியார் சிவனணைந்தபெருமாள் ஒரு போர்டைப் போய்ப் பார்த்தார். அவர் படித்தவர். படிக்காத ஒருவருக்கு இப்படியொரு யோசனை வந்திருக்காது.

இது நடந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். மனை ஏற்கெனவே இருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்தில், மலை முழுசாகத் தெரிகிற இடம். மனைவி இராமலட்சுமிக்குக் கல்யாணத்தின்போது கடையத்து அப்பா கொடுத்தது. கல்லுக்கு மலையடிவாரம், மணலுக்குச் சிற்றாறு, ஆளுக்கு ஏசுதாசன் கொத்தனார். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வாத்தியாரும் மனைவியும் தென்காசியில் அவள் அண்ணன் பலவேசத்தின் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

பலவேசம் நல்ல மனுஷர், ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சம்சாரமும் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள், பாத்திரத்தைத் தரையில் வைக்கிற வைப்பில் சொல்லிவிடுவாள். இராமலட்சுமிக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாப்பாடு இறங்காது. அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு அடுக்களை. குழம்பில் உப்புக் கூடினாலும் அது தன் கையால், தன் அடுப்பில் கூட வேண்டும் என்பது அவள் ஆசை.

"மாப்பிளே, கார்த்திகையில வானம் தோண்டிருவோம். சித்திரைக்குப் பால் காய்ச்சிரலாம். ஏசுதாசன்ட்ட நான் சொல்லுதேன்" என்றார் பலவேசம். அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பதை அந்தப் பக்கத்தில் வானம் தோண்டுவது என்பார்கள்.

வாத்தியார் சிரித்தார். பாமரர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று ஒரு சிரிப்பு அவரிடம் உண்டு. "மச்சான், வீடுங்கது டெக்னிக்கல் விஷயம்" என்றார்.

டெக்னிக்கலாக அவர் ஏற்கெனவே ஒரு பிளான் போட்டு வைத்திருந்தார். வீட்டின் முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், வெயில் விழுகிற இடத்தில் வெளிச்சம், விழாத இடத்தில் நிழல். வாசலில் இரண்டு தாமரைத் தூண்கள். வானத்தில் மூன்று காக்கைகள். காக்கைகள் வெகு நேர்த்தியாக வந்திருந்தன. இராமலட்சுமி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தான், அடுக்களைக்குள்ள எப்படிப் போக?"

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். அடுக்களைக்கு வாசல் வைக்க மறந்திருந்தார். "இது பூர்வாங்க பிளான்" என்று சொல்லிச் சுருட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாதிரிக் கிருக அபிவிருத்தி போர்டு தோன்றியது. வீடு எப்படிக் கட்டுவது என்று ஜனங்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். ஜனங்கள் அதுவரை வீடு கட்டாமலா இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. போர்டில் சேர்ந்தால் சிமெண்டுக்குப் பெர்மிட் கிடைக்கும், டெக்னிக்கல் ஆலோசனை கிடைக்கும். போதாததற்கு மனையில் ஒரு பலகை நட்டு, 'இங்கே ஒரு மாதிரிக் கிருகம் உருவாகிறது' என்று எழுதி, கீழே வீட்டுக்காரர் பெயரையும் போடுவார்கள். சிமெண்டுக்காகத்தான் சேர்ந்தேன் என்று வாத்தியார் எல்லாரிடமும் சொன்னார். பலகைக்காகத்தான் சேர்ந்தார்.

போர்டுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் இருந்தார். ஆலங்குளத்துக்காரர், இசக்கிப்பாண்டி என்று பெயர், பீல்டு சூப்பர்வைசர் என்று உத்தியோகம். ஒரு சைக்கிளும் குடையும் வைத்திருந்தார். விதிகளை அவர்தான் விளக்கினார். வீட்டு வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் மெட்ராஸிலிருந்து மேலதிகாரி வந்து பார்வையிட வேண்டும். பார்வையிடாமல் அடுத்த கட்டம் தொடங்கக் கூடாது.

தை மாசம் வானம் தோண்டி முடிந்தது. செம்மண் குழி, மார்பளவு ஆழம், விளிம்பெல்லாம் கத்தியால் சீவினதுபோல நேராக இருந்தது. பார்க்க ஆள்தான் இல்லை.

"அவசரப்படாதீக சார்வாள். ஆனியில வருவாக" என்றார் இசக்கிப்பாண்டி.

"ஏன் ஆனியில?"

"டெக்னிக்கல் காரணம்."

வாத்தியாருக்கு அந்த வார்த்தையின் மேல் பெரிய மரியாதை இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனி பிறந்தது. மலை மேல் மேகம் இறங்கி, சாரல் தொடங்கி, அருவிகளில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அதே தண்ணீர் வானத்திலும் விழுந்து குழி நிறைந்து தவளை கத்தியது. ஒரு நாள் மாலை மேலகரம் ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. டெபுடி ஸ்பெஷல் ஆபீசர் முத்துக்குமாரசாமி இறங்கினார். ஐந்தருவியில் குளித்த ஈரத் தலை, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வாசம். ஜீப்புக்குள் அவர் சம்சாரம், மாமியார், டெக்னிக்கல் அசிஸ்டெண்டுகள் என்ற பெயரில் இரண்டு மைத்துனர்கள், ஒரு கூடை மங்குஸ்தான் பழம். எல்லாருக்கும் குளித்த பசி.

இசக்கிப்பாண்டி குடை பிடிக்க, ஆபீசர் குழியின் கரையில் நின்று பேசினார். கேட்பதற்கு வாத்தியார், இராமலட்சுமி, ஏசுதாசன், தவளைகள்.

"அஸ்திவாரம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் கடமையாற்றுவது. இந்த அஸ்திவாரமோ தண்ணீருக்குள் இருப்பதால் சுத்தமாகவே தெரியவில்லை. அந்த வகையில் இது பாராட்டத்தக்க அஸ்திவாரம். ஆனால் ஆழத்தைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்திட என் மனச்சாட்சி இடம் தராது. தண்ணீர் வடியட்டும்."

"வடிஞ்ச உடனே தகவல் தரட்டுமாய்யா?" என்று வாத்தியார் கைகட்டிக் கேட்டார்.

"வேண்டாம். அடுத்த ஆனியில் நானே வந்துவிடுவேன்."

ஜீப் போயிற்று. சாப்பாடு ஆறிப்போகும் என்று மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனியில எப்படி அத்தான் தண்ணி வடியும்?" என்றாள் இராமலட்சுமி.

"ஏட்டி, அது அவருக்குத் தெரியாதா? மெட்ராஸ்ல படிச்சவரு" என்றார் வாத்தியார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, மனச்சாட்சி உள்ள அதிகாரிகள் அருகிவருவதைப் பற்றிப் பலவேசத்துக்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்.

மறு வருஷத்துக்குள் குழியின் கரை இடிந்து, பக்கத்து வயல்காரரின் கன்றுக்குட்டி ஒன்று உள்ளே விழுந்து, அதைத் தூக்கி, பிறகு மறுபடியும் தோண்டியாயிற்று. இந்த முறை வாத்தியார் முன்யோசனையோடு இருந்தார். ஆபீசர் காலையில் வருகிறார் என்று கேள்விப்பட்டு, விடியற்காலமே ஏசுதாசனையும் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரை இறைத்துத் தள்ளினார். ஏசுதாசன் அரைமணி நேரம் இறைத்தான். அப்புறம், பாவூர்சத்திரத்தில் மைத்துனிக்கு நிச்சயதார்த்தம் என்று சொல்லிப் போய்விட்டான். அவனுக்கு முக்கியமான வேலை நாளில் எல்லாம் யாருக்காவது நிச்சயதார்த்தம் இருக்கும்.

வாத்தியார் தனியாகவே இறைத்து முடித்தார். குழி கண்ணாடியாக இருந்தது. ஆனால் அன்றைக்கு மெயின் அருவியில் தண்ணீர் பிரமாதமாக விழுந்தது. ஆபீசரால் தலையை வெளியே எடுக்க முடியவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகி, குழியும் பழையபடி நிறைந்திருந்தது.

"என்ன இது, மறுபடியும் தண்ணீரா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார்.

இன்னொரு வருஷம் பின்கட்டில் இருக்கிறதா என்று வாத்தியாருக்குப் பகீர் என்றது. யோசிக்கவில்லை. சட்டை வேட்டியோடு குழிக்குள் குதித்துவிட்டார். தண்ணீர் மார்பைத் தொட்டது. "ஆழம் இவ்வளவுதான்யா, பாத்துக்கிடுங்க" என்று உள்ளே நின்றபடியே கும்பிட்டார்.

ஆபீசர் சிந்தித்தார். "வாத்தியார் எத்தனை அடி உயரம்?"

"அஞ்சடி நாலங்குலம்."

மைத்துனர்களில் ஒருவர் வெளியே தெரிகிற வாத்தியாரை மட்டும் டேப்பால் அளந்து, மொத்த வாத்தியாரிலிருந்து கழித்தார். கணக்குச் சரியாக வந்தது. ஆபீசர் மிகவும் சந்தோஷப்பட்டு, வீட்டுக்காரரையே அளவுகோலாகப் பயன்படுத்தும் இந்த முறையை எல்லா வட்டாரங்களுக்கும் சிபாரிசு செய்யப்போவதாகச் சொன்னார். குட்டையான வீட்டுக்காரர்களை என்ன செய்வது என்பதை மட்டும் பரிசீலிக்க வேண்டுமாம்.

வாத்தியார் சளியோடும் பெருமையோடும் வீடு திரும்பினார். இராமலட்சுமி வேட்டியைப் பிழிந்துகொண்டே, "இதுக்கு மொத வருசமே குதிச்சிருக்கலாம்லா" என்றாள். அது டெக்னிக்கலாகத் தவறு என்று சொல்லப் போனவரைத் தும்மல் தடுத்துவிட்டது.

அடுத்தது அஸ்திவாரக் கல். கல்லில் டெபுடி ஸ்பெஷல் ஆபீசர் பெயர், அவர் பட்டங்கள், போர்டு சேர்மன் பெயர், போர்டு மெம்பர்கள் பெயர், கல்லை உபயம் செய்தவர் பெயர், கல்லை ஏற்றிவந்த லாரிக்காரர் பெயர் எல்லாம் செதுக்கியாயிற்று. சிவனணைந்தபெருமாளுக்கு இடம் போதவில்லை.

"ஐயா, வீடு எங்களது..." என்று வாத்தியார் இழுத்தார்.

"வீடு யாருடையது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்றார் ஆபீசர். "கல்லை யார் நாட்டினார்கள் என்பதுதான் எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும். பெற்றோர் உங்களுக்குக் கொஞ்சம் சின்னப் பெயராக வைத்திருக்கலாம்."

வாத்தியாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலமாகிவிட்ட அப்பாவின் மேல் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

கல்லை நட்டு, பழம் தின்று, ஜீப் போன பத்தாம் நாள் டெபுடி ஸ்பெஷல் ஆபீசருக்குப் பதவி உயர்வு வந்து அவர் ஸ்பெஷல் ஆபீசர் ஆகிவிட்டார். கல்லில் டெபுடி என்று இருந்தது. டெபுடியைச் செதுக்கி எடுக்கும்வரை மேலே கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வருவதற்குள் போர்டுக்கே பெயர் மாறிவிட்டது. மாதிரிக் கிருக அபிவிருத்தி போர்டு, முன்மாதிரி இல்ல வளர்ச்சி வாரியம் ஆயிற்று. வட்டாரத்திலுள்ள பலகைகளை எல்லாம் மாற்றி எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

டிராயிங் வாத்தியார் இருந்தார். அந்தக் கோடை விடுமுறை முழுக்க, பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கடையத்துக்கும் ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் பஸ்ஸில் அலைந்து, 'இங்கே ஒரு முன்மாதிரி இல்லம் உருவாகிறது' என்று ஊர் ஊராக எழுதினார். எந்த ஊரிலும் ஒன்றும் உருவாகியிருக்கவில்லை. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருந்தது என்று இசக்கிப்பாண்டி சொன்னார். வாத்தியார் அதைக் கேட்டு இரண்டு நாள் மிதந்தார்.

எப்படியோ கல் திரும்பி வந்தது, பெர்மிட் சிமெண்டும் வந்தது. ஏசுதாசன் இரண்டு நிச்சயதார்த்தங்களுக்கு நடுவில் கிடைத்த நாட்களில் கருங்கல்லை அடுக்கி ஏற்றி, சிற்றாற்று மணலைக் கொட்டித் திமிசு போட்டு இடித்து, பேஸ்மட்டத்தை முடித்துவிட்டான். தரைக்கு மேல் மூன்றடி உயரத்தில், சுவர் எழும்பத் தயாராக அது நின்றது.

இராமலட்சுமி அதன் மேல் ஏறி நடந்து பார்த்தாள். "இங்கன அடுக்களை. இங்கன அம்மி. சோறு வடிக்கையில மலையைப் பாத்துக்கிட்டே வடிக்கலாம்" என்று ஒவ்வொரு இடமாக நின்று காட்டினாள். வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

பார்வைக்கு ஆனி வரவேண்டும் அல்லவா? வந்தது. இந்த முறை ஸ்பெஷல் ஆபீசர் பேஸ்மட்டத்தைப் பார்த்ததும் அசந்துபோனார். சீசனுக்கு வந்த மற்ற அதிகாரிகளும் கூட இருந்தார்கள். வாரியத்தின் ஆண்டு விழாவை எங்கே நடத்துவது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த நேரம். மூன்றடி உயரம், உறுதியான தளம், குற்றாலம் போகிற வழி. அன்று மாலையே பந்தல் வந்தது, மைக் வந்தது, நாற்காலிகள் பேஸ்மட்டத்தின் மேல் ஏறின. அடுக்களையில் ஆபீசரும், சாமி அறையில் அவர் மாமியாரும் உட்கார்ந்தார்கள்.

ஸ்பெஷல் ஆபீசர் மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே! சுவரை எவன் வேண்டுமானாலும் கட்டுவான். கூரையைக் குருவிகூட வேய்கிறது. ஆனால் ஒரு பேஸ்மட்டத்தை இந்த வாரியத்தைப்போல நிதானமாகக் கட்ட உலகத்தில் யாரால் முடியும்? இந்த ஒன்றுக்காக நாங்கள் எத்தனை சீசன் இந்த ஊருக்கு வந்திருக்கிறோம்! எத்தனை முறை நனைந்திருக்கிறோம்! இப்போது இதன் மேல் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? பேஸ்மட்டம் பொதுமக்களின் பார்வையிலிருந்து மறைந்துபோகும். அதை அனுமதிக்கலாமா?"

"கூடாது" என்றார்கள் மைத்துனர்கள்.

"ஆகவே இன்று முதல் இதை மாதிரிப் பேஸ்மட்டமாக அறிவிக்கிறேன். இதன் மேல் எதுவும் கட்டக் கூடாது. இதன் கௌரவக் காப்பாளராக டிராயிங் வாத்தியார் சிவனணைந்தபெருமாள் அவர்களை நியமிக்கிறேன்!"

கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் வாத்தியார். தன் பெயர் மைக்கில் வந்த சந்தோஷத்தில் தட்டிவிட்டார். மாலையும் வாங்கிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கும்போது, அதாவது தன் வீட்டை விட்டு இறங்கும்போதுதான், ஆபீசர் என்ன சொன்னார் என்பது அவருக்குப் புரிந்தது. கீழே இராமலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வைகாசியில் முகூர்த்தம். புது மாப்பிள்ளை மறுவீடு வந்தால் தங்குவதற்கு அந்தப் பின்கட்டு அறைதான் உண்டு. பலவேசம் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவர் சம்சாரம் புது மாப்பிள்ளைக்கு வாங்கின கட்டிலை இப்போதே கொண்டுவந்து அந்த அறை வாசலில் சாத்தி வைத்தாள். வாத்தியாரும் மனைவியும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதில் இடித்துக்கொண்டார்கள்.

கௌரவக் காப்பாளருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்குப் பேஸ்மட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். அவர்கள் அருவியில் குளித்துவிட்டு வந்து அதன் மேல் ஈரத் துணியைக் காயப்போட்டார்கள். "இங்கே காபி கிடைக்குமா?" என்று கேட்டார்கள். ஒரு குரங்கு அவர் கையிலிருந்த குறிப்பைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவர் மனப்பாடமாகவே சொன்னார். பேஸ்மட்டத்தின் நீளம், அகலம், உயரம், சிமெண்டும் மணலும் கலந்த விகிதம். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை எங்கேயிருந்து வருகிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

ஆவணி முடிந்து சாரல் நின்றது. அருவி மெலிந்தது, கடைகளைப் பிரித்தார்கள், ஜீப்புகள் போயின. இசக்கிப்பாண்டி மிளகாய்த் தோட்டத்தைப் பார்க்க ஆலங்குளம் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் யாருமே வராத பேஸ்மட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். இராமலட்சுமி ரோட்டிலிருந்து வந்து, படி இல்லாததால் கையை ஊன்றி ஏறி, அடுக்களைக்கு என்று நினைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். சீசன் முடிஞ்ச பொறவு இந்த ஊருக்கு எந்த அதிகாரியாவது வந்து பாத்திருக்கேளா?"

அவள் பேசியதே அவருக்குப் பெரிசாக இருந்தது. யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"அப்ப வாரியம் மூணு மாசந்தான இருக்கு? மிச்ச ஒம்பது மாசம் இங்கன யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"நாம இருக்கோம்லா."

வாத்தியார் ரோட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஏட்டி, கட்டக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"உத்தரவு அது பாட்டுக்கு இருக்கட்டும். செவரு அது பாட்டுக்கு இருக்கும்."

"சிமெண்டுக்குப் பெர்மிட்?"

"எங்க அப்பா வீட்டுல சிமெண்டா பூசியிருக்கு? சுண்ணாம்பு அரைச்சுக் கட்டுனதுதான. இடிஞ்சா விழுந்துட்டு?" என்றவள் கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கட்டில்ல இன்னொரு தடவ என் முட்டி இடிச்சிதுன்னா நான் கடையத்துக்குப் போயிருவேன் அத்தான். வர மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வாத்தியாருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஏசுதாசன் வந்தான். தாமரைத் தூண் எங்கே வைக்க என்று கேட்டான். தூணே வேண்டாம் என்றார் வாத்தியார். சுருட்டிய பிளானைச் சுருட்டியபடியே பரணில் போட்டுவிட்டார்கள். இராமலட்சுமி காலால் மணலில் கோடு கிழித்தாள். அதுதான் பிளான். அடுக்களைக்கு இரண்டு வாசல் வைத்தாள்.

செங்கலும் சுண்ணாம்புமாகச் சுவர் ஏறிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் வந்து செங்கல் எடுத்துக் கொடுப்பார். ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். சுவரை ஒளிக்க முடியாது என்பது ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். ஒரு நாள் இசக்கிப்பாண்டியே சைக்கிளில் வந்து நின்றுவிட்டார். தலைக்கு மேல் உயர்ந்திருந்த சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"சார்வாள், என்ன இது?"

வாத்தியார் கையிலிருந்த செங்கலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இராமலட்சுமி சொன்னாள்: "பேஸ்மட்டத்துல ஆடு மாடெல்லாம் ஏறுது அண்ணாச்சி. அதான் மறைப்பு."

இசக்கிப்பாண்டி யோசித்தார். இதை மேலே எழுதினால், இவ்வளவு உயரம் வரும்வரை பீல்டு சூப்பர்வைசர் எந்தப் பீல்டில் இருந்தார் என்று கேட்பார்கள். "ஆமா, ஆடு ஏறத்தான் செய்யும்" என்றார். சைக்கிளில் ஏறிக்கொண்டு, "ஓடு போட்டுருங்க. கோழி பறந்து வரும்" என்று சொல்லிப் போனார்.

ஓடும் போட்டார்கள். சித்திரையில் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது இராமலட்சுமி அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. வாத்தியார் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனி நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போயிற்று. சஸ்பெண்டு செய்வார்களா, ஜெயிலில் போடுவார்களா, பெரிய சுத்தியலோடு வருவார்களா என்று நினைத்து நினைத்து மெலிந்தார். சாரல் தொடங்கிய வாரத்தில் ஜீப் வந்தது. ஸ்பெஷல் ஆபீசர் ஈரத் தலையோடு இறங்கினார். கூடவே மழைக்கோட்டு மாட்டிய மைத்துனர்கள். எல்லாரும் வீட்டைப் பார்த்தார்கள்.

"பேஸ்மட்டம் எங்கே?" என்றார் ஆபீசர்.

வாசலில் நின்ற வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டார். "உள்ள இருக்குய்யா" என்றார்.

ஆபீசர் முகத்தில் சுத்தியல் தெரிந்தது, பிறகு அது மெல்ல மறைந்தது. சென்ற ஆனிக்கும் இந்த ஆனிக்கும் நடுவில் இருந்த மாதங்களை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த மாதங்களைப் பற்றி மேலே எழுதினால் மேலேயிருந்து என்ன வரும் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சு வந்துவிட்டது.

"மிக நன்று! மாதிரிப் பேஸ்மட்டம் மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு வீட்டையே கட்டியிருக்கிறார் நம்முடைய காப்பாளர். இப்படிப்பட்ட தியாகத்தை நான் எந்த ஜில்லாவிலும் பார்த்ததில்லை. இனிமேல் எல்லாப் பேஸ்மட்டங்களையும் இதே முறையில் வீடு கட்டிப் பாதுகாக்கச் சிபாரிசு செய்வேன்."

வாத்தியாருக்கு உயிர் திரும்பி வந்தது. உயிரோடு பெருமையும் வந்தது. தியாகம் என்ற வார்த்தை காதில் தேனாக இறங்கியது. ஆபீசர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். காற்று, வெளிச்சம், சுண்ணாம்புச் சுவரின் குளுமை, ஜன்னல் வழியே மலை.

"இந்தத் தடவை குற்றாலத்தில் ஒரு ரூம்கூடக் கிடைக்கவில்லை வாத்தியார்" என்றார் அவர். "பேஸ்மட்டத்தை உள்ளேயிருந்து பார்வையிட வேண்டியதும் இருக்கிறது. சீசன் முடிகிறவரை நாங்கள் இங்கேயே தங்கிப் பார்வையிடுவதாக முடிவு செய்கிறேன். வருஷா வருஷம் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த மூன்று மாசம் மட்டும் வேறு எங்காவது..."

மைத்துனர்கள் ஜீப்பிலிருந்து படுக்கையை இறக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அதுக்கென்னங்கய்யா" என்றார் வாத்தியார். "எங்களுக்குப் பாக்கியம்லா..."

வாய்தான் சொல்லிற்று. அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அதிகாரிகளைக் கண்டால் அவருடைய வாய் அவரைக் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்தது.

அடுக்களையிலிருந்து இராமலட்சுமி வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. ஆபீசரைப் பார்க்கவில்லை.

"அத்தான், இவிய தங்கட்டும்னு நீங்க சொன்னா நான் மாட்டேன்னு சொல்லல. இப்பவே துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்புதேன். ஆனா எங்க அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேன். இந்த வீட்டுக்கும் வர மாட்டேன். சொல்லுங்க. அவிய முன்னால வச்சுச் சொல்லுங்க."

வாத்தியார் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் ஒரு காலை நிலைப்படிக்கு மேல் தூக்கியிருந்தார். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அழுகை இல்லை. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறவளின் முகம் அது.

அவருடைய வாய் திறந்தது. அது மறுபடியும் என்ன சொல்லிவிடுமோ என்று அவருக்கே பயமாகிவிட்டது. கையை நீட்டிக் கதவைப் பிடித்தார். செங்கோட்டையில் வாங்கிய தேக்குக் கதவு, நல்ல கனம். ஸ்பெஷல் ஆபீசர் காலை எடுத்தாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் அதைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். மேல் தாழ்ப்பாளையும் போட்டார்.

வெளியே, "வாத்தியார்! வாத்தியார்!" என்ற குரல் கேட்டது. கதவை இரண்டு தரம் தட்டினார்கள். டெக்னிக்கல் காரணம் ஏதாவது இருக்கும் என்று மைத்துனர்களில் ஒருவர் சொன்னார். படுக்கையைத் திரும்ப ஏற்றுகிற சத்தம், மாமியார் யாரையோ திட்டுகிற சத்தம், கடைசியில் ஜீப் உறுமிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் ஏறுகிற சத்தம். பிறகு ஓட்டின் மேல் சாரல் விழுவது மட்டும் கேட்டது.

வாத்தியார் சாத்திய கதவுக்கு எதிரே அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

இராமலட்சுமி பக்கத்தில் வந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அத்தான்" என்றாள், "அவிய போயாச்சு. கும்பிட்ட கையை இறக்குங்க."